தலை மாற்றப்பட்ட பாட்டு: ஆனந்த சமரக்கோனின் கதை

இலங்கையில் பாடசாலைக்குப் போன எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். காலைக் கூட்டத்தில் கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்று பாடிய பாட்டு. சிங்களத்தில் பாடியவர்களும் உண்டு, தமிழில் பாடியவர்களும் உண்டு. மெட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் இதை எழுதி இசையமைத்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் யோசிப்பார்கள். பெயரைச் சொல்லும் இரண்டு பேருக்கும்கூட, அவர் எழுதிய பாட்டின் முதல் வரி இன்று பாடப்படும் முதல் வரி அல்ல என்பது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

அவர் பெயர் ஆனந்த சமரக்கோன். நவீன சிங்கள மெல்லிசைக்கு அடித்தளம் போட்டவர். ஒரு நாட்டுக்கே பாட்டுக் கொடுத்தவர். அந்தப் பாட்டின் உரிமையையும் அதன் முதல் சொல்லையும் தன் வாழ்நாளிலேயே இழந்தவரும் அவரே.

1911 ஜனவரி 13 ஆம் திகதி, கொழும்புக்குக் கிழக்கே பாதுக்கைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோர்ஜ் வில்பிரட் அல்விஸ் சமரக்கோன். கோட்டே கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பிறகு அங்கேயே இசையும் சித்திரமும் கற்பிக்கும் ஆசிரியரானார். பாட்டும் படமும் கடைசிவரை அவரோடு கூடவே வந்தன.

அவர் வளர்ந்த காலத்துச் சிங்களப் பாட்டு எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்த்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். அதற்கு முன்பு சிங்கள மேடையில் இருந்தது 'நாடகம்' என்ற வடிவம். பெயரைப் பார்த்தாலே தெரியும், அது தமிழ்க் கூத்தின் வழி வந்தது, தென்னிந்திய மெட்டுக்களில் பாடப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. அவர்களுடைய வட இந்திய மெட்டுக்களும் மின்னும் உடைகளும் மக்களை மயக்கின. அதைப் பின்பற்றி 'நூர்த்தி' நாடகங்கள் பிறந்தன. ஜோன் டி சில்வா நாடகம் எழுத, இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவுஜி இசையமைத்தார். சமரக்கோன் பிறந்த அதே 1911 இல்தான் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. பிறகு கிராமபோன் இசைத்தட்டுக் காலம் வந்தது. ஓடிப் பிரபலமான ஒரு ஹிந்திப் பாட்டையோ தமிழ்ப் பாட்டையோ எடுத்து, அதன் அளவுக்குச் சிங்களச் சொற்களை வெட்டி ஒட்டி, தட்டில் பதிந்து விற்பார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மெட்டு இன்னொருவருடையது. சொல் அந்த மெட்டுக்குக் கூலி வேலை செய்தது.

இந்த நிலையில்தான் தாகூர் வருகிறார். ரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு மூன்று தடவை வந்திருக்கிறார்: 1922, 1928, 1934. கடைசிப் பயணத்தில் தன் சாந்திநிகேதன் குழுவோடு வந்து 'சாபமோசன்' என்ற நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். ஹொரணையில் ஸ்ரீ பாலி என்ற கல்வி நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார். ஆங்கிலேயரைப் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு, சொந்த மண்ணின் பாட்டையும் கலையையும் வைத்துக்கொண்டே நவீனமாக இருக்கலாம் என்பது புதிய செய்தியாக இருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டவர்களில் கோட்டே ஆசிரியரும் ஒருவர்.

1936 இல் அவர் சாந்திநிகேதனுக்குப் போனார். படிப்பை முழுதாக முடிக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்தில் திரும்பிவிட்டார். ஆனால் போனவர் வேறு, வந்தவர் வேறு! பௌத்தத்தைத் தழுவினார். ஜோர்ஜ் வில்பிரட் என்ற பெயரை விட்டுவிட்டு ஆனந்த சமரக்கோன் ஆனார். இந்தப் பெயர் மாற்றம் அவரோடு நிற்கவில்லை. டொன் ஜோசப் ஜோன் என்ற இளைஞர் பின்னாளில் சுனில் சாந்த ஆனார். அல்பர்ட் பெரேரா அமரதேவ ஆனார். நவீன சிங்கள இசையின் மூன்று பெரிய பெயர்களும் அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல என்பது அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டுகிறது.

சாந்திநிகேதனில் அவர் கற்ற முக்கியமான பாடம் ஒரு ராகமோ தாளமோ அல்ல. தாகூர் வங்காள நாட்டுப்புறத்துப் பாட்டை எடுத்து, எளிமை கெடாமல் அதைக் கலையாக்கினார். அதையே சிங்களத்தில் செய்து பார்க்க முடியாதா என்பதுதான் சமரக்கோனின் கேள்வி. சொல்லையும் தானே எழுதினார், மெட்டையும் தானே போட்டார், தானே பாடினார். 'எண்டத மெனிக்கே' என்ற பாட்டில் ஒரு கிராமத்து இளைஞனும் ஒரு பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள். பெரிய வித்துவம் எதுவும் இல்லை. வடமொழிச் சொற்களின் சுமை இல்லை. வயல்கரையில் நின்று பேசுவது போல இருக்கும். சிங்களத்தில் 'சரல கீ' என்று சொல்லப்படும் மெல்லிசை மரபு இந்தப் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் பலர். மெட்டுக்குச் சொல் கூலி வேலை செய்த காலம் போய், சொல்லும் மெட்டும் ஒரே மனதிலிருந்து பிறக்கும் காலம் வந்தது.

1938 முதல் 1942 வரை அவர் காலி மகிந்த கல்லூரியில் இசையாசிரியர். அங்கே இருந்தபோது, 1940 இல், மாணவர்கள் பாடுவதற்கு ஒரு நாட்டுப் பாட்டு எழுதினார். 'நமோ நமோ மாதா' என்று தொடங்கியது. தாயே உனக்கு வணக்கம் என்று பொருள். வயலும் பழமும் பூவும் நிறைந்த நாட்டைத் தாயாக வைத்துப் பாடும் பாட்டு. நாடு அப்போது வெள்ளையர் கையில் இருந்தது, சுதந்திரம் வர இன்னும் எட்டு ஆண்டுகள். தேசிய கீதம் எழுதுகிறோம் என்று நினைத்து அவர் எழுதியிருக்க வழியில்லை. மகிந்த கல்லூரி மாணவர்கள் பாடினார்கள். பிறகு கொழும்பு மியூசியஸ் கல்லூரி மாணவிகள் ஒரு பொது நிகழ்ச்சியில் பாடினார்கள். வானொலி அதை ஊரெல்லாம் கொண்டு போனது. (இந்தப் பாட்டை எழுதியதே தாகூர்தான் என்றும், மெட்டு மட்டும் தாகூருடையது என்றும் இன்றுவரை சொல்பவர்கள் உண்டு. தாகூரின் செல்வாக்கு அதில் இருக்கிறது. ஆனால் செல்வாக்கு வேறு, ஆக்கம் வேறு.)

பாட்டு வளர்ந்தது, பாட்டுக்காரரின் கைதான் வளரவில்லை. தன் பாட்டுக்களைத் தொகுத்து 'கீத குமுதினி' என்ற நூலாக அச்சிட்டார். அதில் 'நமோ நமோ மாதா'வும் இருந்தது. அச்சுச் செலவைக் கட்ட முடியாமல் போகவே, பாட்டுக்களின் உரிமையை வெளியீட்டாளருக்கே விற்றுவிட்டார். வணிகம் படிக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு உடனே விளங்கும். கையில் இருந்த ஒரே சொத்தைக் கொடுத்துக் கடனைத் தீர்த்திருக்கிறார். அந்தச் சொத்து ஒருநாள் ஒரு நாட்டின் தேசிய கீதமாகும் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பின்னாளில் அரசு அந்தப் பாட்டுக்கான உரிமையைப் பெற்றபோது பணம் போனது உரிமையாளருக்கு, எழுதியவருக்கு அல்ல.

1945 இல் இன்னொரு அடி விழுந்தது. அவருடைய ஒரே மகன் ஐந்து வயதில் இறந்துபோனான். சமரக்கோன் இசையை விட்டு விலகி இந்தியாவுக்குப் போனார். அங்கே ஓவியராக வாழ்ந்தார், கண்காட்சிகள் நடத்தினார். 1951 வரை பெரும்பாலும் அங்கேதான்.

அவர் இல்லாத நேரத்தில்தான் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. சுதந்திர நாட்டுக்கு ஒரு கீதம் வேண்டும் என்று 1948 இல் லங்கா காந்தர்வ சபா ஒரு போட்டி வைத்தது. வென்ற பாட்டை எழுதியவர் பீ. பி. இலங்கசிங்க, இசையமைத்தவர் லயனல் எதிரிசிங்க. இருவருமே நடுவர் குழுவில் இருந்தவர்கள்! சர்ச்சை கிளம்பாமல் இருக்குமா? 1948 பெப்ரவரி 4 காலை அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்தது. ஆனால் சுதந்திர விழாவில் அது பாடப்படவில்லை. மக்கள் மனதிலும் அது ஒட்டவில்லை. அவர்கள் வாயில் இருந்தது பழைய 'நமோ நமோ மாதா'தான்.

1950 இல் அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, அந்தப் பாட்டையே தேசிய கீதமாக ஏற்க வேண்டும் என்று கேட்டார். சேர் எட்வின் விஜயரட்ன தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு பல பாட்டுக்களைக் கேட்டுவிட்டு இதையே தெரிவு செய்தது. ஒரு இடத்தில் மட்டும் சொற்களைச் சிறிது மாற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். சமரக்கோனிடம் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார், மாற்றினார்கள். 1951 நவம்பர் 22 இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1952 சுதந்திர தினத்தில் அது நாட்டின் கீதமாக ஒலித்தது. தமிழ் வடிவத்தைச் செய்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. மெட்டு மாறாமல் பொருளும் கெடாமல் தமிழில் கொண்டு வருவது லேசான வேலை அல்ல.

அந்தச் சம்மதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை மாற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த மனிதர் அல்ல அவர். கேட்டால் கொடுத்தார்.

பிறகு 1950கள். 1952 மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958 இல் இனக்கலவரம். 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். 1960 இல் ஒரே ஆண்டில் இரண்டு பொதுத் தேர்தல்கள். நாட்டுக்கு என்னதான் ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சிலர் கண்டுபிடித்த விடை: தேசிய கீதத்தின் தொடக்கம் சரியில்லை!

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த நம்பிக்கைக்கு வடமொழி யாப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. பாட்டின் முதல் மூன்று அசைகள் எந்தக் 'கணம்' என்று பார்ப்பார்கள். குறில், நெடில், குறில் என்று வந்தால் அது ஜ கணம். அதன் பலன் நோய். 'ந-மோ-ந' அப்படித்தான் வருகிறது. மூன்றும் நெட்டசையாக வந்தால் ம கணம். அதன் பலன் செல்வம். 'ஸ்ரீ லங்கா' அந்தக் கணக்கில் வந்து விழுகிறது.

தமிழருக்கும் இது புதிதல்ல. நமது பாட்டியல் நூல்கள் ஒரு நூலின் முதற்சீருக்குப் பத்துப் பொருத்தம் சொல்கின்றன. மங்கலம் முதல் கணம் வரை எல்லாம் பார்க்கச் சொல்கின்றன. நந்திக் கலம்பகத்தைக் கேட்டு பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் எரிந்து போனான் என்ற கதையைப் பாடசாலையில் கேட்காதவர் யார்? சொல் கொல்லும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் இரண்டு மொழிக்கும் பொதுவானது. வித்தியாசம் ஒன்றுதான். நந்திவர்மன் கதையில் பாட்டு மன்னனைக் கொன்றது. இங்கே அரசு பாட்டின் மேல் கை வைத்தது.

1961 பெப்ரவரியில் அரசு தொடக்கத்தை மாற்றியது. 'நமோ நமோ மாதா' என்று தொடங்கியது 'ஸ்ரீ லங்கா மாதா' என்று தொடங்கலாயிற்று. இத்தனைக்கும் நமோ என்ற சொல் பாட்டிலிருந்து போய்விடவில்லை, உள்ளே இன்னும் இருக்கிறது. வாசலில் நிற்கக் கூடாது, வீட்டுக்குள் இருக்கலாம் என்பது போல! பத்து ஆண்டுக்கு முன் ஒரு இடத்தை மாற்றுவதற்குக் கூட அவரிடம் சம்மதம் கேட்டார்கள். இம்முறை பாட்டின் தலையையே மாற்றினார்கள், அவருடைய சம்மதம் இல்லாமல். சமரக்கோன் பத்திரிகைகளில் எழுதி எதிர்த்தார். தன் பாட்டின் தலை வெட்டப்பட்டுவிட்டது என்பதே அவருடைய மனக்குறை. பலன் இல்லை.

1962 ஏப்ரலில், 51 ஆவது வயதில், ஆனந்த சமரக்கோன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

ஒரு மனிதரின் இப்படிப்பட்ட முடிவுக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட முடியாது. பறிகொடுத்த பிள்ளை, ஓயாத பணக்கஷ்டம், வெளிநாட்டில் கழிந்த ஆண்டுகள் எல்லாம் அவருக்குப் பின்னால் இருந்தன. ஆனால் பாட்டுக்கு நேர்ந்தது அவரை உடைத்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. நாட்டுக்கு வந்த கெட்ட காலத்துக்குக் காரணம் நீ எழுதிய முதல் சொல் என்று ஒரு கவிஞனிடம் சொல்வதை யோசித்துப் பாருங்கள். அது பாட்டைப் பற்றிய விமர்சனம் அல்ல, குற்றச்சாட்டு.

இங்கே ஒரு கேள்வி எழும். உரிமையைத்தான் விற்றுவிட்டாரே, பிறகு மாற்றினால் என்ன? வணிகச் சட்டப் பாடத்தில் பதிப்புரிமை என்று படிக்கும்போது இரண்டு விஷயங்கள் வரும். ஒன்று பொருளாதார உரிமை: அச்சிடுவது, விற்பது, பணம் பெறுவது. இதை விற்கலாம். மற்றது தார்மீக உரிமை: இது என்னுடைய ஆக்கம் என்று சொல்லிக்கொள்ளவும், என் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கவும் ஆக்கியவருக்கு உள்ள உரிமை. பொருளாதார உரிமையை விற்ற பிறகும் இது அவரிடமே இருக்கும். பேர்ண் சமவாயத்தில் இந்தக் கருத்து 1928 இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் 1961 இல் இலங்கையில் இருந்தது 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டிய சட்டம். அதில் தார்மீக உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அச்சுக் கடனுக்காக அவர் விற்றது முதலாவது உரிமையை மட்டுமே. இரண்டாவதை அவர் யாருக்கும் விற்கவில்லை. அதைக் காக்க அன்று சட்டம் இல்லாமல் போனது.

இன்னொரு முரணும் உண்டு. 1978 அரசியலமைப்பின் 7 ஆம் உறுப்புரை, தேசிய கீதம் 'ஸ்ரீ லங்கா மாதா' என்கிறது. சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. 83 ஆம் உறுப்புரையின்படி அந்த 7 ஆம் உறுப்புரையைத் திருத்த வேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதற்கு மேல் மக்கள் தீர்ப்பும் வேண்டும். எழுதியவர் உயிரோடு இருந்தபோது அவர் பேச்சைக் கேளாமல் மாற்றிய தொடக்கத்துக்கு இன்று இத்தனை பெரிய பூட்டு!

தமிழ் வடிவமும் இன்று 'ஸ்ரீ லங்கா தாயே' என்றுதான் தொடங்குகிறது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அது இருக்கிறது. ஆனாலும் அதைப் பாடலாமா கூடாதா என்ற வாதம் ஓயவில்லை. 2010 டிசெம்பரில் தமிழ் வடிவத்தையே கைவிடும் யோசனை பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2016 பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவில் அது பாடப்பட்டபோது பலர் கண் கலங்கினார்கள். 2020 விழாவில் அது விடுபட்டது. சமரக்கோனின் பாட்டில் ஒரு தாயும் அவள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த மொழியில் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று அவர் அதில் எழுதி வைக்கவில்லை.

1961 இல் தொடக்கத்தை மாற்றியவர்கள் நாட்டின் நன்மைக்காகவே மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குப்படி அதற்குப் பிறகு நல்ல காலம் வந்திருக்க வேண்டும். 1971, 1983, 2009 என்று ஆண்டுகளை மட்டும் சொன்னாலே போதும், என்ன வந்தது என்று இலங்கையில் பிறந்த எவருக்கும் தெரியும். ஜ கணத்தின் மேல் போட்ட பழியை ம கணத்தின் மேல் போட இதுவரை யாரும் முன்வரவில்லை. குற்றம் ஒருபோதும் பாட்டில் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்க வேண்டிய மனிதர் 1962 இலேயே போய்விட்டார்.